முக்குளிப்பானுக்கு ஒரு மூலை

கொக்கைக் கைகாட்டலாம், அது பாட்டுக்கு நிற்கும். மீன்கொத்தியைக் காட்டலாம், மின்கம்பியில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்பிக் காட்டும். கூழைக்கடாவைக் காட்டவே வேண்டாம், பாதிக் கண்மாயை அதுவே அடைத்துக்கொண்டு மிதக்கும். முக்குளிப்பானை யாருக்காவது காட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. "அதோ, அந்தக் கோரைக்கு இந்தப் பக்கம்..." என்று விரலை நீட்டி முடிப்பதற்குள் ஆள் தண்ணிக்குள்ளே. மிச்சம் இருப்பது நாலு வட்ட அலை. பக்கத்தில் நிற்பவர் அலையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். "மீனாண்ணே?" என்பார், பாவம்.

கால் நிமிஷம் கழித்து எழும்பும். போன இடத்திலேயே எழும்புமா என்றால் அதுதான் கிடையாது. நாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கே தலை தூக்கும். ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்க்கும். மறுபடியும் முங்கல். இதில் இரண்டு தினுசு வேறு வைத்திருக்கிறது. அவசரம் என்றால் தலைகுப்புறப் பாய்ந்து முங்கும். சும்மா சந்தேகம்தான் என்றால், இறகுக்குள் இருக்கிற காற்றை அமுக்கி வெளியே விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே சத்தம் போடாமல் அமிழும். கண்ணும் அலகும் மட்டும் செடிக்கு நடுவே வெளியே இருக்கும். நமக்குத் தெரிந்தால் உண்டு.

இப்படி ஒளிந்து ஒளிந்து பிழைக்கிற ஒன்றுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று எனக்கே அலுப்புத் தட்டுவது உண்டு. ஆனால் எங்கள் கண்மாயில் தண்ணீர் கிடக்கிற மட்டும் வெயில், வாடை என்று பார்க்காமல் குடியிருக்கிற பறவை அதுதான். வந்து போகிற விருந்தாளிப் பறவைகளுக்குப் பதாகை கட்டுகிற ஊர், குடியிருக்கிற ஜீவனுக்கு ஒரு மூலை ஒதுக்க மாட்டேன் என்கிறது. என் ஆதங்கம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேனே தவிர, முழுசாகக் கொட்டித் தீர்க்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

முதலில் ஒன்று. அது வாத்துக்குஞ்சு இல்லை. காலையில் கரையில் நடக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது வாத்துக்குஞ்சுதான். "குஞ்சு தனியாத் திரியுதே, தாயக் காணமே" என்று ஒரு அம்மா நிஜமாகவே கவலைப்பட்டு, கையில் இருந்த பிஸ்கட்டைப் பிட்டுப் போட்டார். அது பிள்ளை பெற்று, எல்லைத் தகராறு நடத்தி, ஊர்ப்பட்ட சம்சாரத்தைத் தூக்கிச் சுமக்கிற முழு வயசுப் பறவை என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் நீளம். எடை அதிகம் போனால் இருநூறு கிராம் சொச்சம். வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பவுடர் போடுகிற பஞ்சைப் பின்னால் ஒட்டிவைத்த மாதிரி ஓர் உப்பல், அவ்வளவே. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் குஞ்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாத்துக்குத் தட்டை அலகு, இதற்குக் குட்டையாக, நேராக, கூராக இருக்கும். இதையும் சொல்லிப் பார்த்தாயிற்று. அலகு தெரிகிற அளவுக்கு அது வெளியே இருந்தால்தானே?

மழை பெய்து, கண்மாய் நிறைந்து, செடி எழும்பிய பிறகு வந்து பாருங்கள். கன்னம், தொண்டை, கழுத்தின் பக்கவாட்டு எல்லாம் செம்பழுப்பு ஏறி ஜொலிக்கும். உச்சந்தலையும் முதுகும் கறுத்துவிடும். அலகு தொடங்குகிற இடத்தில், வாயோரம், மஞ்சளாக ஒரு பொட்டு. கல்யாணக் கோலம்தான். இணைசேரும் காலம் முடிந்ததும் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு வெளிறின பழுப்புக்கு வந்துவிடும். ஆண் எது, பெண் எது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே உடுப்பு.

காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாத்துக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு ஓடும். முக்குளிப்பானுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக, இரண்டு பக்கமும் தட்டையான மடல். பின்னால் உதைக்கும்போது விரியும், முன்னால் இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். கால் முளைத்திருப்பதும் உடம்பின் நடுவில் இல்லை, கடைக்கோடியில். தண்ணீருக்குள் உந்திப் பாய்வதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. தரையில் நிற்பதற்கு அதைவிட வில்லங்கமான இடமும் கிடையாது. அதனால் கரையேறாது. ஏறினாலும் நாலு எட்டுத் தத்தி நெஞ்சு தரையில் இடிக்க விழும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒளிந்து வாழ்கிற பிறவி வாயையாவது மூடிக்கொண்டிருக்குமா என்றால் அதுவும் இல்லை. கோரைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு கிளுகிளுப்பு கிளம்பும், ஏறி இறங்கி, மூச்சு விடாமல். ஒன்று ஆரம்பித்தால் அதன் ஜோடி இன்னொரு பக்கத்திலிருந்து சேர்ந்துகொள்ளும். யாரோ நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் மெனக்கெட்டு வந்து, "சாயந்திரமானா கண்மாய்ல ஏதோ சிரிக்குதுண்ணே, பிள்ளைக பயப்படுதுக" என்றார். விளக்கிச் சொன்னேன். "இத்தனூண்டு பறவையா?" என்று அவர் கேட்டபோது என் மேல்தான் அவருக்கு சந்தேகம் இருந்தது.

அந்தக் கூவல் காதல் பாட்டு மட்டும் இல்லை, பட்டா அறிவிப்பும்கூட. இணைசேரும் காலத்தில் ஒவ்வொரு ஜோடியும் கண்மாயில் ஒரு துண்டை வளைத்துப் போட்டுக்கொள்ளும். பக்கத்து ஜோடியில் ஒன்று தெரியாத்தனமாக எல்லை தாண்டிவிட்டால் போச்சு. தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விரட்டும். கடைசியில் இரண்டும் சேர்ந்து முங்கி, அடியிலேயே ஒரு சுற்றுத் துரத்தல் நடக்கும். மேலே அலை மட்டும் கலவரப்படும். இதைவிட வேடிக்கை, இதே ஆட்கள் கோடை வந்து தண்ணீர் சுருங்கியதும் நடுக்குழியில் பத்து, இருபது என்று ஒன்றாக மிதப்பதுதான். பழைய வழக்கெல்லாம் தள்ளுபடி. ஒட்டி உறவாடுவதும் இல்லை, அடித்துக்கொள்வதும் இல்லை. நாமக்கோழியோ வாத்தோ செடியைக் கலக்கிக்கொண்டு போனால் இது பின்னாலேயே போய், கலங்கி வெளியே வருகிற பூச்சி பொட்டைப் பிடித்துக்கொள்ளும். தும்பிப் புழு, தலைப்பிரட்டை, கூனி, சின்ன மீன் என்று எதையும் கழிப்பதில்லை. இந்தக் குடும்பத்துப் பறவைகள் சொந்த இறகையே பிடுங்கித் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும். மீன் முள் வயிற்றைக் குத்தாமல் இருக்க அந்த இறகு உதவுகிறது என்கிறார்கள். தன் சட்டையைக் கிழித்துத் தானே தின்கிற கஷ்டஜீவனம் இது, இதன் வயிற்றில் நாம் வேறு அடிக்கிறோம்.

அடிப்பது எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் கூட்டைச் சொல்லவேண்டும்.

இது மரத்தில் கூடு கட்டாது, கரையிலும் கட்டாது. தண்ணீர் மேலேயே கட்டும். அழுகின தண்டு, பாசி, கோரைத் துணுக்கு எல்லாவற்றையும் அலகால் இழுத்து வந்து குவித்து, நிற்கிற நாலு செடித் தண்டோடு சேர்த்து நங்கூரம் போட்ட மாதிரி மாட்டிவைக்கும். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும், இறங்கினால் இறங்கும். முட்டை இடும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். ஈரத்தழையின் கறை ஏறி ஏறிச் சில நாளில் பழுப்பாகிவிடும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும், மூன்று வாரத்துக்கும் கொஞ்சம் கூட. யாராவது நெருங்கி வருகிறார்கள் என்று தெரிந்தால், இறங்குவதற்கு முன் தழையை மளமளவென்று மூன்று நாலு இழுப்பு இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் முங்கும். பிறகு அந்த இடத்தைப் பார்த்தால் காற்றில் ஒதுங்கின குப்பை மாதிரியே இருக்கும். பொரித்து வந்த குஞ்சுகள் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டுக்கொண்டு, தாய் முதுகிலோ தகப்பன் முதுகிலோ ஏறி, சிறகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே ஊர்வலம் போகும்.

இத்தனை சாமர்த்தியமும் காக்காய்க்காக, பருந்துக்காக, பாம்புக்காக. கண்மாய் அழகுபடுத்தும் திட்டம் ஒன்று வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

களையெடுப்பு நடந்த அன்று நான் கரையில்தான் நின்றேன். ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நீரையே பாய் விரித்து மூடிவிடுகிற பயிர் அது. ஆனால் தெப்பத்தில் போனவர்களுக்குக் கொடுத்த உத்தரவு "எல்லாத்தையும் க்ளீன் பண்ணிடு" என்பது. கோரை, சம்பு, அல்லி, வேலம்பாசி, ஒன்று பாக்கியில்லை. நீளக்கழியில் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டே வந்தார் ஒருவர். ஒரு குவியலைத் தூக்கித் தெப்பத்தில் போட்டபோது, தழைக்குள்ளிருந்து பழுப்பாக ஒன்று உருண்டது. பின்னாலேயே இன்னொன்று. "அய்யய்யோ, முட்டை சார்! குப்பைன்னுல்ல நெனச்சோம்" என்று அவர் பதறினார். அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? குப்பை என்று நினைக்கவைக்கத்தானே அது அப்படிக் கட்டியது! அந்த மனுஷர் நல்லவர். முட்டைகளை எடுத்து உள்ளே வைத்து, தழையைப் போர்த்தி, தண்ணீரிலேயே திரும்ப விட்டார். ஆனால் பிடிப்புக்கு இருந்த தண்டுகள் எல்லாம் தெப்பத்தில் கிடந்தன. கூடு காற்றுக்குத் தானாக நகர்ந்து வந்து கரைக்கல்லில் இடித்தது. அதற்கு மேல் காக்காய் பார்த்துக்கொண்டது.

மேஸ்திரி சொன்னார், "விடுங்க சார், மறுபடி போட்டுக்கும்." போடும்தான். எதன் மேல் போடும்?

அடுத்தது கரை. கண்மாய்க்குக் கரை என்றால் முன்பெல்லாம் சரிவு. முழங்கால் தண்ணீர், பிறகு இடுப்புத் தண்ணீர், பிறகு ஆழம். அந்த முழங்கால் தண்ணீரில்தான் செடி வேர் பிடிக்கும், தலைப்பிரட்டை மேயும், இந்தப் பறவையின் மொத்த சம்சாரமும் நடக்கும். அதையெல்லாம் பொக்லைன் விட்டு ஆளுயரத்துக்கு நேராகத் தோண்டி, கல் பதித்து, சிமென்ட் பூசி, மேலே பேவர் பிளாக் போட்டு, கைப்பிடிக் கம்பிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். தண்ணீர் முன்னைவிடக் கூடுதலாக நிற்கிறது, வாஸ்தவம். ஊருக்கு அது நல்லதுதான், நானும் அந்த ஊரில் குடிதண்ணீர் குடிக்கிறவன்தான். ஒரே ஒரு மூலையைச் சரிவாக விட்டிருந்தால் எத்தனை குடம் தண்ணீர் குறைந்திருக்கும் என்று கேட்டேன். திட்ட வரைபடத்தில் மூலையே இல்லை என்றார்கள். நல்லவேளையாகப் பணம் தீர்ந்துபோனதால் வடகிழக்கில் ஒரு துண்டு மட்டும் தப்பியது. கோரை, கொஞ்சம் அல்லி, சேறு. இப்போது மிச்சமிருக்கிற ஜோடிகள் அங்கேதான் நெருக்கியடித்து, எல்லைச் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கின்றன.

பறவை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. வாடகை வேன் பிடித்துக் குடும்பத்தோடு தனுஷ்கோடிக்குப் போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வருகிறார்கள். 2025 ஜூனில் அங்கே பெரும் பூநாரைச் சரணாலயம் என்று அரசு அறிவித்தது, நல்ல காரியம். போய்வந்தவர்கள் செல்போனை நீட்டி, தூரத்தில் ரோஸ் கலரில் கோடு போட்டது போன்ற படத்தைக் காட்டுகிறார்கள். அவர்களிடம் ஒரு சங்கதி சொல்வேன், ஒருவரும் நம்புவதில்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் 2001 வாக்கிலேயே சொல்லிவிட்டார்கள், பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன: இன்று உயிரோடிருக்கிற பறவைகளில் பூநாரைக்கு மிக நெருங்கின சொந்தம் கொக்கும் இல்லை, நாரையும் இல்லை, முக்குளிப்பான் குடும்பம்தான். அந்த நெட்டைக்கால் சீமாட்டிக்கு இந்தக் குட்டை ஆள் பங்காளி. பங்காளி வீட்டு வாசலில் ஐந்து மணி நேரம் வேனில் போய் நிற்கிறீர்களே, இவன் உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறானே ஐயா என்றால், "போங்கண்ணே, அது எங்க, இது எங்க!"

விளக்கு விவகாரம் தனி. முக்குளிப்பான் பறந்து யாரும் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். விரட்டினால் தண்ணீர் மேல் சடசடவென்று ஓடும், சிறகை அடிக்கும், கொஞ்சம் தள்ளிப் போய் விழும். அதற்காகப் பறக்கத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கண்மாய் வற்றினால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு கண்மாய்க்குக் குடிபெயர்ந்துவிடும். ராத்திரியில் மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தண்ணீர் என்பது பளபளப்புத்தான். அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் செடார் சிட்டி என்று ஓர் ஊர். 2011 டிசம்பரில், புயலடித்த ஒரு ராத்திரி, வலசை போய்க்கொண்டிருந்த கருங்கழுத்து முக்குளிப்பான்கள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிய வாகன நிறுத்தங்களைத் தண்ணீர் என்று நம்பி ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. இறங்கின என்ன, மோதின. ஆயிரத்துக்கும் மேல் செத்துப்போயின. அடிபடாதவையும் எழும்ப முடியாமல் கிடந்தன. தரையிலிருந்து எழும்புவதற்கு அந்தக் கால் உதவாது என்றேனே, அதுதான். ஊர் ஜனங்கள் பெட்டியில் அள்ளிப்போய்த் தண்ணீரில் விட்டார்கள். இங்கே கண்மாய்க் கரை முழுக்க வண்ண விளக்கு. மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் பேவர் பிளாக்கும் தண்ணீரும் ஒரே மினுக்காக மினுங்குகின்றன. பத்து மணிக்காவது அணையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டைமர் இல்லையாம்.

"சும்மா கவலைப்படாதீங்க சார், நான் கூகுள்ல பாத்தேன், அது அழியற லிஸ்ட்லயே இல்ல" என்று ஒரு இளைஞர் எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மைதான். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று மூன்று கண்டத்தில் பரவிக் கிடக்கிற பறவை. ஆனால் இந்தக் குடும்பத்தில் உலகம் முழுக்க இருபத்துச் சொச்சம் இனங்கள்தான்; அதில் மூன்று போன நூறு வருஷத்துக்குள் இல்லாமலே போய்விட்டன. கொலம்பியாவில் ஒன்று, குவாத்தமாலாவில் ஒன்று, மடகாஸ்கரில் ஒன்று. மடகாஸ்கரில் போனது நம்முடையதற்கு மிகவும் கிட்டின உறவு. அலாவோத்ரா ஏரியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு வேறெங்கும் போகாத பறவை. ஏரியில் வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள், நைலான் வலை வந்தது, போதாததற்கு நம்முடைய இந்தச் சாதா முக்குளிப்பானோடு கலப்பும் நடந்தது. 2010-இல் அற்றுப்போனது என்று அறிவித்து முடித்தார்கள்.

நைலான் வலை என்றதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் ராத்திரியில் கட்டிப் போடுகிற தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. முங்கி இரை தேடுகிற ஒன்றுக்கு அது என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விடிந்து வலையை உதறும்போது மடல்கால் இரண்டும் நூலில் சுற்றி ஒன்று வந்தது. "நீர்க்கோழி சார்" என்று கரையில் எறிந்துவிட்டு அவர் கெண்டையை எண்ணப் போய்விட்டார். செத்தபிறகும் அதற்குப் பேர் சரியாகக் கிடைக்கவில்லை.

நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தார்கள், "எங்கள் கண்மாயின் பறவைகள்" என்று. பூநாரை இருக்கிறது, கூழைக்கடா இருக்கிறது, மஞ்சள்மூக்கு நாரை இருக்கிறது. வெள்ளை வெளேரென்று ஓர் அன்னமும் இருக்கிறது. கழுத்தை வளைத்துக்கொண்டு, பின்னால் பனிமலை தெரிய. அன்னம் எப்போது ஐயா இந்தக் கண்மாய்க்கு வந்தது என்று கேட்டால் மிதிபடகைக் காட்டுகிறார்கள். படகுகள் எல்லாம் அன்ன வடிவம்தான். நான் முக்குளிப்பான் படம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பலகை எழுதுகிறவர் வாங்கிப் பார்த்தார். "எடுப்பா இல்லியே சார். கொஞ்சம் கலர் ஏத்திக்கட்டுமா?"

போன வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். நான் மூன்றே விஷயம் கேட்டேன். வடகிழக்கு மூலையைத் தொடாதீர்கள். கூடு கட்டுகிற காலத்தில் களையெடுக்காதீர்கள்; எடுத்தே தீரவேண்டும் என்றால் ஆகாயத்தாமரையை மட்டும் எடுங்கள். படகு அந்தப் பக்கம் போகாமல் ஒரு கயிறு கட்டி நாலு மிதவை போடுங்கள். காசு ஆகாத கோரிக்கைகள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். குறித்துக்கொண்டு, நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்றார். இரண்டாம் கட்ட நிதி வந்துவிட்டதாம். பாட்டுக்கு ஆடுகிற இசை நீரூற்று வரப்போகிறதாம். எல்லாரும் கை தட்டினார்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"ஆழமில்லாத இடமாத்தான் பாக்கணும் சார். அந்த வடகிழக்கு மூலை சும்மாதான கெடக்கு?"